கையில் மிஞ்சிய கல்

குவாரியில் அன்று பன்னிரண்டு குழிகளில் வெடிமருந்து வைத்திருந்தார் வெடிக்காரர். குழிக்கு ஒன்றாகக் கூழாங்கற்களைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வெடிச்சத்தத்துக்கும் ஒன்றைக் கீழே போடுவது அவர் வழக்கம். எல்லாம் ஓய்ந்தபின் ஒரு கல் கையில் மிஞ்சியது.

கல் அள்ளும் வண்டியின் டிரைவர் சாவியைத் திருப்பினான். "போகட்டுமாண்ணே?"

"இரு தம்பி. ஒண்ணு வெடிக்கல போல."

"பன்னெண்டும் கேட்டுச்சேண்ணே."

கொஞ்ச நாளாகவே அவருக்குக் காது மந்தம். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். தலையாட்டிவிட்டால் தீர்ந்தது. ஆனால் உள்ளே ஒன்று வெடிக்காமல் கிடந்தால், அதன்மேல் ஏறப்போவது இவன் வண்டி.

"என் காதை இப்போ நம்ப முடியலப்பா. பொறு, நான் பாத்துட்டு வரேன்."

அரைமணி நேரம் காத்திருந்து, ஆண்டவனை நினைத்துக்கொண்டு தனியாகப் போனார். பன்னிரண்டும் வெடித்திருந்தன. தலைகுனிந்தபடி திரும்பி வந்தார்.

"அண்ணி கூப்பிட்டா மட்டும்தான் உங்களுக்குக் கேக்காதுன்னு நெனச்சேன்," என்று டிரைவர் சிரித்தான். "நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம். மேனேஜர்கிட்டயும் சேர்ந்தே சொல்லுவோம்."

பிறகு குனிந்து, தனக்கென்று பன்னிரண்டு கற்களைப் பொறுக்கினான். உண்மை சொன்னவருக்கு ஆண்டவன் இன்னொரு ஜோடிக் காதைக் கொடுத்துவிட்டான்.