சிவப்பு பிளக்

மின்சாரம் போனதும் ஆஸ்பத்திரி வார்டில் மாமாவின் கட்டிலருகே இருந்த ஆக்சிஜன் மெஷின் ஒரு விம்மல் விம்மி நின்றது. ஜெனரேட்டர் வந்துவிடும் என்று மருமகள் காத்திருந்தாள். வந்தது. கும்மென்று எழுந்து, இருமி, படுத்துவிட்டது. மறுபடி எழுந்தது, மறுபடி படுத்தது.

நர்ஸ் ஓடிவந்து, மாமாவின் முகத்தில் முகமூடியை வைத்துக் காற்றுப்பையை அமுக்க ஆரம்பித்தாள். "சிலிண்டரும் காலி. சிவப்பு பிளக்குக்கு மட்டும்தான் ஜெனரேட்டர் கரண்ட், அது மெஷினுக்குத்தான். அதுல ஊர்ப்பட்ட சாமானையும் சொருகி வெச்சா எப்படித் தாங்கும்? போய்ப் பிடுங்கிப் போடும்மா, ஓடு!"

அவள் முதலில் பிடுங்கியது சுவரில் தொங்கிய தன் செல்போன் சார்ஜரைத்தான். வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் மருந்தறைக்குள் போனதும் வெட்கம் அருவருப்பாக மாறியது. தடுப்பூசிக் குளிர்பெட்டி சாதா பிளக்கில் செத்துக் கிடக்க, சிவப்பில் யாரோ சட்டை தேய்க்க இஸ்திரிப்பெட்டியைச் சொருகியிருந்தார்கள். கணக்குப் பிரிவில் டீ கெட்டில்.

எல்லாம் பிடுங்கியும் ஜெனரேட்டர் படுத்தது.

பாக்கி ஆஸ்பத்திரி இயக்குநரின் அறைதான். பூட்டியிருந்தது. வாசலில் பியூன் உட்கார்ந்திருந்தார். இயக்குநர் எதைச் சொன்னாலும் "ஆமாங்க" என்பதால் அவருக்கு ஆமாஞ்சாமி என்றே பெயர்.

"உள்ள யாருங்க இருக்காங்க?"

"யாருமில்லம்மா. ஐயா சாப்பிடப் போயிருக்காரு. வந்து உக்காரும்போது குளுகுளுன்னு இருக்கணும்னு ஏசிய ஓடவிட்டுட்டுப் போனாரு."

கதவின் அடியிலிருந்து கசிந்த குளிர் அவள் கால்விரலைத் தொட்டது. வேலியே பயிரை மேய்கிறது. அதுவும் ஏப்பம் விட்டுக்கொண்டு.

"அண்ணே, எங்க மாமாவுக்கு மூச்சு நிக்கப்போகுது. திறங்க."

"என் வேலை போயிடும்மா..."

அவள் கை கூப்பினாள். ஆமாஞ்சாமி அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்தார். அவரே உள்ளே போய் ஏசி பிளக்கைப் பிடுங்கினார்.

ஜெனரேட்டர் எழுந்தது. இந்த முறை படுக்கவில்லை. வார்டில் மெஷின் உறுமியது. நர்ஸ் மரத்துப்போன விரல்களை உதறினாள்.

மாமாவின் உதட்டில் நிறம் திரும்பிய பிறகுதான் இயக்குநர் திரும்பினார். வியர்த்து வழிய நேரே வார்டுக்குள் நுழைந்தார்.

"யாரு என் ரூமைத் திறந்தது? இந்தப் பொம்பளைதானே?"

ஆமாஞ்சாமி முன்னால் வந்தார்.

"இல்லைங்க. நான்தான்."

வார்டே அவரைத் திரும்பிப் பார்த்தது.

"திமிரா? அந்த வெக்கையில நான் எப்படிய்யா உக்கார்றது?"

மாமா முகமூடியைக் கொஞ்சம் தூக்கினார். "ஐயாவ இங்க வந்து உக்காரச் சொல்லும்மா," என்றார் ஈனக்குரலில். "இந்த மெஷின்ல காத்து நல்லா வருது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இயக்குநர் மாமாவையும் மெஷினையும் பார்க்காமலே வெளியேறினார். மருமகள் முகமூடியைச் சரியாக வைத்துவிட்டு, எழுந்து போய், ஆமாஞ்சாமிக்குத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.