ஒரு முறம் தவிடு

சீதாலெட்சுமி தன் வயிற்றில் பிறந்தவளை ஒருநாளும் மகளே என்று கூப்பிட்டதில்லை. அவளும் இவளை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். கேட்பவர்களுக்குக் கூத்தாக இருக்கும். இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவளுக்கு அது கூத்தில்லை. மூன்றாவது பிறந்ததும் பக்கத்து வீட்டு முத்து பீவி கையில் கொடுத்து, ஒரு முறம் தவிடு போட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டாள். விலைக்கு வாங்கிய பிள்ளையை எமன் சீந்த மாட்டான். 'என் பிள்ளை' என்று வாய்விட்டுச் சொன்னால் மட்டும் அவன் காதில் விழுந்துவிடுமாம்.

கோலாலம்பூரே மூழ்கிய பெருவெள்ளத்துக்கு மறுவருஷம் அந்த மூன்றாவது பிள்ளை வள்ளியம்மாவுக்கு ஏழு வயது. சுவரோடு சுவர் ஒட்டிய பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வீடுகளில் இதெல்லாம் மூடிவைக்கிற சங்கதியா? குழாயடிப் பிள்ளைகள் அவளைத் "தவிடு, தவிடு" என்றே கூப்பிட்டன. அவள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போனாள்.

ரயில் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் அப்பன் நாகையாவுக்கு இது ஒரு விஷயமே இல்லை.

"என்னை எண்ணெய்ச் சட்டின்னுதான் கூப்பிடுறானுங்க. தேஞ்சா போயிட்டேன்? நாலு நாள் கத்திட்டு விட்டுடுவாங்க, விடு புள்ள."

"நீங்க யாரு பெத்த பிள்ளைன்னு உங்களுக்குத் தெரியும்," என்றாள் சீதாலெட்சுமி.

அவன் பீடியைப் பற்றவைத்தான்.

மறுநாள் காலை, முத்து பீவி வள்ளியம்மாவைக் கையைப் பிடித்து, சீதாலெட்சுமி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த குழாயடிக்கே கூட்டிவந்துவிட்டாள். பிள்ளையின் பாவாடை மடி நிறைய, மாட்டுக்கு வைத்திருந்த தவிடு.

"யா அல்லா, இவ செஞ்சதைப் பாரு சீதா! என் வாசல்ல வந்து நின்னு, 'இந்தாங்க தவிடு, என்னைப் பெத்த அம்மாகிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க'ன்னு கேக்குறா. எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு."

குடங்களோடு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைகள் சிரித்தன. சீதாலெட்சுமி குடத்தைக் கீழே வைத்தாள். சொன்னால் பிள்ளை போய்விடும். சொல்லாவிட்டால், இதோ, போய்க்கொண்டுதான் இருக்கிறது. பாழாய்ப்போன எமன் கேட்டால் கேட்கட்டும்!

"நான்தாண்டி உன் அம்மா! இந்த வயித்துல பத்து மாசம் கிடந்தவ நீ. உன்னைச் சாவு தொடக் கூடாதுன்னுதான் தவிட்டைக் கொட்டி வாங்கினேன்!" என்று லயமே கேட்கக் கத்தினாள்.

மடியிலிருந்த தவிடு ஈரத் தரையில் கொட்டியது. வள்ளியம்மா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு விக்கிவிக்கி அழுதாள்.

அதோடு அந்தப் பெயர் ஒழிந்ததா என்றால், அதெல்லாம் இல்லை. இரண்டு நாள் கழித்துக் குழாயடியிலிருந்து மறுபடி "தவிடு!" என்று ஒரு குரல் கேட்டது. வீட்டுக்குள் இருந்த சீதாலெட்சுமி அசையாமல் நின்றாள்.

"ஆமா, எங்கம்மா தவிடு குடுத்து வாங்கினாங்க. உன்னை ஓசியில குடுத்தாலும் எவ வாங்குவா?" என்று வள்ளியம்மா சுடச்சுடத் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம், "அம்மா! தண்ணி நின்னுபோச்சு!" என்று கூவிக்கொண்டே உள்ளே ஓடிவந்தாள்.

சீதாலெட்சுமி முதலில் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை.

"என்னடி மகளே," என்றாள்.