கந்தப்பன் சுரண்டிய ஸ்டிக்கர்

1

இந்தக் கதை ஒரு பசைத் தடத்திலிருந்து வந்தது. சங்ககிரியில் லோடுக்குக் காத்து நின்ற லாரிகளின் பின்கதவில் எல்லாம் ஒரே ஸ்டிக்கர்: ஏவுகணைப் படம், கீழே ‘அழித்தே தீருவோம்’. ஒரு வண்டியில் மட்டும் அதை யாரோ சுரண்டியிருந்தார்கள். மிச்சப் பசையில் தூசி ஒட்டிக் கறுத்திருந்தது. சுரண்டியவரை நான் பார்க்கவில்லை. எதிரில் நான் உட்கார்ந்திருந்த டீக்கடையின் டிவியில் சைரன் ஊளையிட்டது. போர் இன்றா நாளையா என்று நான்கு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள்.

2

எழுதிய முதல் வரி: எல்லையில் படைகள் குவிந்த அந்தக் கோடையில், கந்தப்பன் என்ற லாரி டிரைவர்...

(வேண்டாம். எல்லையிலிருந்து தொடங்கினால் சங்ககிரி வந்து சேர வெகுநேரமாகும்.)

இன்னொன்று: கந்தப்பன் அடுப்பைப் பற்றவைத்தார்.

இது இருக்கட்டும். வடக்கே நெடுந்தூர லைன் போகிற இந்தப் பக்கத்து டிரைவர்கள் வண்டிகளைச் சேர்த்து நிறுத்திக் கூட்டாகச் சமைப்பார்கள். ஒருவர் குழம்பு, ஒருவர் பொரியல். கந்தப்பன் எப்போதும் சோறு. அவர் ஸ்டிக்கரைச் சுரண்டிய மறுநாள், குழம்பு வைக்கும் காளியண்ணனின் வண்டியடியிலேயே மற்றவர்களுக்கான சோறும் வெந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை. அவரிடம் சோறு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

3

ஏன் சுரண்டினார்? ராணுவத்தில் ஒரு மகனை அவருக்குக் கொடுத்துப் பார்த்தேன். மகன் சிவக்குமார், ஜம்முவில் பனியில்... அடித்துவிட்டேன். அவருக்கு ஒரே மகள், மதுமதி. பின்கதவில் அவள் பெயர் பெரிதாக எழுதியிருக்கிறது. ஸ்டிக்கர் அந்தப் பெயரை மறைத்துவிட்டது என்று வைத்தால்? அப்பன் மனசு என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

எனக்கு முன்பே காளியண்ணனுக்கு அது தோன்றியிருக்கிறது. கைத்துண்டை உதறிக்கொண்டு வந்து நின்றார்.

“ஏனுங்ண்ணா, புள்ள பேரு மறைஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லீருங்க. மத்தவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்.”

“மறைக்கலியே காளி. பேருக்குக் கீழதான ஒட்டீருந்தாங்க?”

“அப்பறம் எதுக்குங்க சொரண்டுனீங்க?”

“சண்டை வேண்டாமுன்னுதான்.”

“உங்களைக் கேட்டுட்டுத்தான் குண்டு போடறாங்களாக்கும்?”

“கேக்கலீல்ல? அப்ப என்ற வண்டி எதுக்கு அதைச் சொல்லோணும்?”

“இப்படியே பேசீட்டிருங்க. தனியாத்தான் திங்கோணும்.”

“உன்ற குழம்பைத் திங்கறதுக்கு அது தேவலை.”

காளியண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.* பின்னால் உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சிரிப்பை வாயிலேயே நிறுத்திக்கொண்டு போய்விட்டார்.

* குழம்பு அப்படியொன்றும் மோசமில்லை. அதன் வாசம் வரும் பக்கமாக முதுகைத் திருப்பிக்கொண்டுதான் கந்தப்பன் அன்று சாப்பிட்டார்.

4

முடிவுகள்.

(அ) போர் வராமல் நின்றுவிடுகிறது. எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் மழை வந்து ஸ்டிக்கர்கள் உரிந்துபோகும் வரை அவர் என்ன செய்வார்?

(ஆ) காளியண்ணன் தூக்குப்போசியில் குழம்போடு வருகிறார். இதை முழுதாக எழுதினேன், நன்றாகவே வந்தது. ஆனால் அந்தக் குழம்பை அனுப்பியது நான், காளியண்ணன் இல்லை. கிழித்துவிட்டேன்.

(இ) கந்தப்பன் கடைசியில் புது ஸ்டிக்கர் ஒன்றை வாங்கி

இல்லை. இதற்கு அவர் ஒப்பவில்லை.

5

என்னால் எழுத முடிந்தது இதுதான். அடுத்த நாள் மத்தியானம் கைப்பழக்கத்தில் எல்லோருக்குமாக அரிசி போட்டுவிட்டார். வடித்த பிறகுதான் கவனித்தார். குண்டான் நிறையச் சோறு. தொட்டுக்கொள்ள ஊறுகாய் மட்டும். பக்கத்து வண்டியடியிலிருந்து எல்லோரும் குண்டானை எட்டிப் பார்த்தார்கள்.

கந்தப்பன் நிமிர்ந்து பார்க்கிறார். நான் இன்னும் டீக்கடையில்தான் இருக்கிறேன், ரோட்டைக் கடக்கவில்லை. அவர் பார்ப்பது உங்களை.

“சாப்ட்டீங்களா? சோறு நெறைய இருக்குதுங்க. உக்காருங்க.”

தட்டைக் கழுவி நீட்டுகிறார். அந்தப் பக்கம் காளியண்ணன் கரண்டியைக் கையில் பிடித்தபடி, நீங்கள் எங்கே உட்காரப்போகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.