காக்ஸ் டவுனில் இல்லாத பெண்

1

"இத உனக்கு யார் சொன்னாங்க?" என்று ரூபினி தீபிகாவிடம் கேட்டாள்.

இந்தக் கதை அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது. தீபிகா அதற்கு ஒரே ஒரு சொல்லில் பதில் சொன்னாள். அந்தப் பதில் தவறு. அந்தத் தவறு நடக்காமல் இருந்திருந்தால் எழுத எதுவும் இருந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதை எழுதுவதும் தீபிகாதான். 'நான்' என்று தொடங்கிய நான்கு வாக்கியங்களை அடித்தாகிவிட்டது. ஏன் என்பது மூன்றாம் பகுதியில் தெரியும்.

வேறு தொடக்கங்களும் இருந்தன.

எலெக்ட்ரானிக் சிட்டியில் அறுபது பெண்கள் தங்கும் ஒரு பிஜி விடுதியில், காலை ஆறு மணிக்கு இட்லிக் கொப்பரை—

(வேண்டாம். எல்லா பிஜியிலும் காலை ஆறு மணிக்கு இட்லிக் கொப்பரை இருக்கும்.)

பத்தாவது வகுப்பில் பாதியில் நின்றுவிட்ட ஒரு பெண்—

(இதுவும் வேண்டாம். படிக்கிறவர்கள் உடனே பாவப்படத் தொடங்கிவிடுவார்கள். கதை அதைப் பற்றியது அல்ல.)

சரசுவுக்குத் தலை சுற்றியது.

(சரியான முதல் வாக்கியம் இதுதான். ஆனால் இதை எழுதக் கூடாது என்றுதான் உத்தரவு.)

2

உத்தரவு போட்டது சரசுவேதான். தீபிகாவின் அம்மா. நாற்பத்தாறு வயது. தொம்மலூரிலிருந்து வந்து இரண்டு வருடமாக இந்த பிஜியில் சமைக்கிறாள். அவளுக்கு முன் சமைத்தவர் ஒருநாள் அடுப்படியில் மயங்கி விழுந்தார். மறுவாரமே அந்த இடத்துக்கு சரசு வந்தாள். பிஜியை நடத்தும் மமதா கெட்டவள் இல்லை. கொதிக்கிற சாம்பாருக்குப் பக்கத்தில் மயங்கி விழக்கூடியவர்களை வைத்துக்கொள்ள அவளுக்குப் பயம், அவ்வளவுதான். மொட்டைமாடி அறை வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் அறையும் போகும்.

ஜனவரியில் கிளினிக்கில் சரசுவின் பிபி மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். அதிலிருந்து காலையில் எழுந்ததும் தலைசுற்றல் அடங்க அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இருபது வரை எண்ண வேண்டியிருந்தது. மாத்திரை அட்டையை சீரக டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

"யார்கிட்டயும் வாய தொறக்காத. மமதாக்கா காதுல வுழுந்துச்சுனா மூட்டைய கட்டிக்கினு கெளம்ப வேண்டியதுதான்."

தீபிகா வாயைத் திறக்கவில்லை. அது அவளுக்குச் சுலபம். கதை எழுதும் நோட்டைத் திறந்தாள்.

[நோட்டுகள் மொத்தம் ஏழு. இருக்கும் இடத்தை இங்கே எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். 'எழுதியிருந்தேன்' என்று ஒரு 'நான்' தப்பி வந்துவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். இருக்கட்டும்.]

3

ரூபினி திருப்பத்தூர்க்காரி. பொது சுகாதாரத்தில் எம்பிஎச் முடித்துவிட்டு, மூன்றாம் மாடியில் கட்டில் பிடித்து, வேலை தேடிக்கொண்டிருந்தாள். இன்டர்வியூ இல்லாத நாட்களில் சாப்பாட்டு ஹாலில் உட்கார்ந்து தீபிகாவோடு பூண்டு உரிப்பாள். அவள் பேசுவாள், தீபிகா கேட்பாள்.

"மாத்திரை கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கேன்னு சொன்னா, எங்கப்பா நான் மெடிக்கல் ரெப் ஆகப்போறேன்னு நெனச்சுக்கிட்டாரு. தோல் பேக்கு வாங்கித் தரட்டுமான்னு கேக்குறாரு."

தீபிகா கேட்க நினைத்த கேள்வி வாய்க்கு வர மூன்று நாள் ஆனது.

"அப்ப... ஊரு சுகாதாரம் படிச்சவங்களுக்கு மாத்திரை கம்பெனில இன்னாக்கா வேலை?"

ரூபினி உரித்த பூண்டுப் பற்களைத் தட்டில் ஒவ்வொன்றாக வைத்தாள். "இது ட்ரையல். புது மருந்த ஆளுங்களுக்குக் குடுத்துப் பாக்குற எடத்துல, எல்லாம் ஒழுங்கா நடக்குதான்னு பாத்துக்கணும். இது எழுத்து வேலை. டாக்டருங்க படிக்கிற அறிக்கைய எழுதித் தரணும். இது கணக்கு. எந்த நோயி எந்த ஊர்ல எத்தன பேருக்குன்னு. இது வெல. ஒரு அரசாங்கம் இந்த மருந்த வாங்குனா ஜனங்களுக்கு நெஜமாவே பிரயோஜனமான்னு காட்டணும். இது சேஃப்டி."

"சேஃப்டினா, ஹெல்மெட்டா?"

"இல்லப்பா. மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேக்குற வேலை."

"டாக்டரு கேக்க மாட்டாரா?"

"அவரு எதிர்ல உக்காந்திருக்கிறவங்கள கேப்பாரு. மருந்து கடைக்கு வர்றதுக்கு முன்னாடி சில ஆயிரம் பேருக்குக் குடுத்துப் பாக்குறாங்க. வந்தப்புறம் லட்சக்கணக்குல சாப்புடுறாங்க. ஆயிரத்துல தெரியாதது லட்சத்துல தெரியும். அத யாராச்சும் ஒக்காந்து சேக்கணும்ல?"

"பூண்டு உரிக்கச் சொன்னா ரெண்டும் கோலம் போட்டுக்கினு கீது" என்று அடுப்படியிலிருந்து சரசு சத்தம் போட்டாள்.

ஐந்தாவது பல், அந்த சேஃப்டி வேலைதான், ரூபினிக்குக் கிடைத்தது. இரண்டு வாரப் பயிற்சி முடித்துக் கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்க வந்து, தன் மேலதிகாரி சுந்தரராமன் மாதிரியே கையை ஆட்டிச் சொல்லிக் காட்டினாள். ஒரு தகவல் செல்லுபடியாக நான்கு வேண்டும்: ஒரு நோயாளி, சொல்கிறவர் ஒருவர், ஒரு மருந்து, நடந்தது ஒன்று. கம்பெனி மாத்திரையைப் பற்றி எங்கே காதில் விழுந்தாலும், அது கல்யாணப் பந்தியாக இருந்தாலும், மறுநாளுக்குள் தெரிவித்தாக வேண்டும். நிஜமா பொய்யா என்று தீர்ப்புச் சொல்வது அவர்கள் வேலை இல்லை. எழுதும்போது 'நான்' வரக் கூடாது. பெயரும் கூடாது. 'நாற்பத்தாறு வயதுப் பெண்', 'தகவல் சொன்னவர்', அவ்வளவுதான்.

தீபிகாவுக்கு அன்று தட்டு கழுவவே கை ஓடவில்லை. ஏழு நோட்டு எழுதியும் அவளுக்குப் பிடிபடாத ஒன்றை இந்தக் கம்பெனிக்காரர்கள் நான்கே சாமானில் அடக்கி வைத்திருக்கிறார்கள்! யாருக்கு, யார் சொல்லி, எதனால், என்ன ஆயிற்று. கதைக்கும் இதுதானே?

4

அந்த முறைப்படி ஒரு கதை எழுதிப் பார்த்தாள். அதன் சுருக்கம்:

நாற்பத்தாறு வயதுப் பெண். காக்ஸ் டவுனில், சர்ச்சுக்கு எதிரே ஒரு பழைய வீட்டில் சமைக்கிறாள். ஜனவரியில் [இங்கே மாத்திரையின் நிஜப் பெயர் இருந்தது. இந்த முறை எழுதவில்லை] சாப்பிட ஆரம்பித்தாள். காலையில் எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு இருபது வரை எண்ணுவாள். அட்டையை சீரக டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். ஒருநாள் பதினெட்டு எண்ணும்போதே விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள்.

[காக்ஸ் டவுன் ஏன்? தீபிகா அந்தப் பக்கம் போனது ஒரே ஒரு தடவை, பஸ்ஸில். அம்மாவை ஒளித்து வைக்க அவ்வளவு தூரம் போதும் என்று நினைத்தாள்.]

[விழுந்தது ஏன்? கதை அங்கே சும்மா நின்றுகொண்டிருந்தது. யாராவது விழ வேண்டியிருந்தது.]

நோட்டை ரூபினியிடம் கொடுத்தாள். அதுவரை எந்த நோட்டையும் யாரும் பார்த்ததில்லை. ரூபினி சிரித்துக்கொண்டேதான் படிக்க ஆரம்பித்தாள். மாத்திரைப் பெயர் வந்த இடத்தில் சிரிப்பு நின்றது. அது அவள் கம்பெனியின் மாத்திரை.

"இத உனக்கு யார் சொன்னாங்க?"

"தெரிஞ்சவங்க" என்றாள் தீபிகா.

5

ஏன் அப்படிச் சொன்னாள்?

பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள்— (பொய். அடிக்கிறேன்.)

அம்மாவைக் காப்பாற்ற— (பாதிப் பொய்.)

கற்பனை என்று சொல்லியிருந்தால் ரூபினி நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்திருப்பாள். 'தெரிஞ்சவங்க' என்றதும் முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாள், விரல் வைத்து. அப்படி யாரும் தீபிகாவின் எழுத்தைப் படித்ததில்லை. இதுதான் காரணம். வேறு எப்படி எழுதிப் பார்த்தாலும் இதுதான் வருகிறது.

மறுநாள் சாயங்காலம் ரூபினி வந்து சொன்னாள்: "அந்த காக்ஸ் டவுன் அக்கா விஷயத்த ஆபீஸ்ல பதிஞ்சாச்சு. அட்மிட் ஆயிருக்காங்கல்ல, அதனால சீரியஸ்னு போட்டிருக்கோம். நம்பர் கூட வந்துடுச்சு."

தன் வாக்கியங்களுக்கு ஒரு நம்பர்! அன்று இரவு முழுக்க தீபிகா அந்த நம்பரை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். நடந்தது என்ன என்று உறைக்க நான்கு நாள் ஆனது.

6

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பதினோரு மணிக்கு ரூபினி போனோடு அடுப்படிக்கே வந்துவிட்டாள். குருமாவுக்குத் தேங்காய் மிக்ஸியில் ஓடிக்கொண்டிருந்தது. சரசு மூடியை அழுத்திப் பிடித்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மமதா போனில் யாரிடமோ கன்னடத்தில் வாடகை பேசிக்கொண்டிருந்தாள்.

"தீபி, அந்த காக்ஸ் டவுன் அக்கா நம்பர் வேணும். ஆபீஸ்லருந்து பன்னெண்டு கேள்வி அனுப்பியிருக்காங்க."

மிக்ஸி நின்றது.

"எந்த காக்ஸ் டவுனு?" என்றாள் சரசு. "அங்க நமக்கு யாரு கீறாங்க?"

"உங்களுக்குத் தெரிஞ்சவங்க இல்லையாக்கா? தீபி சொன்னாளே. பிபி மாத்திரை சாப்பிட்டு விழுந்துட்டாங்கன்னு. பாவம், தெனமும் காலைல செவுத்த பிடிச்சுக்கிட்டு இருபது வரைக்கும் எண்ணுவாங்களாம். அட்டைய சீரக டப்பா—"

எதிரே இருந்த சீரக டப்பாவைப் பார்த்து ரூபினி அங்கேயே நிறுத்திக்கொண்டாள். சரசுவின் கை மிக்ஸி மூடியின் மேலேயே இருந்தது.

7

இதற்கு மேல் மூன்று முடிவுகள் எழுதினேன். ஆமாம், 'எழுதினேன்'. இந்தப் பகுதியை இன்னொருத்தி மேல் போட்டுவிட முடியவில்லை.

முதல் முடிவு. தீபிகா, "எல்லாம் கட்டுக்கதைக்கா" என்கிறாள். ரூபினி ஆபீஸில் நாலு வார்த்தை வாங்கிக்கொண்டு அந்த நம்பரை ரத்து செய்கிறாள். அம்மாவின் வேலை பிழைக்கிறது. விழுந்தவளோடு சேர்ந்து நிஜத் தலைசுற்றலும் பதிவிலிருந்து அழிகிறது. நாளைக் காலை சுவர் இருக்கிறது, இருபது இருக்கிறது, கீழே அடுப்பு இருக்கிறது.

இரண்டாவது முடிவு. ஏதோ ஒரு போன் நம்பரைக் கொடுக்கிறாள். அதை எடுத்தது யார் என்று யோசிப்பதிலேயே நான்கு பக்கம் போனது. கிழித்துவிட்டேன்.

மூன்றாவது, நடந்தது. தீபிகா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "காக்ஸ் டவுன் நான் வெச்சது. விழுந்தது, ஆஸ்பத்திரி, அதுவும் நான் வெச்சது. மத்ததெல்லாம் நெசம்."

"மத்தது யாருக்கு?" என்று ரூபினி கேட்கவில்லை. குரலை இறக்கி, யார் முகத்தையும் பார்க்காமல், பாத்திரங்களிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "இந்த மாத்திரைக்குத் தலைசுத்தல் வரும்னு ஏற்கெனவே தெரிஞ்சதுதான். டாக்டர்கிட்ட சொன்னா அளவு கொறைப்பாரு, இல்ல மாத்திக் குடுப்பாரு. தானா மட்டும் நிறுத்தக் கூடாது. கிளினிக்கு ஞாயித்துக்கெழம ஒரு மணி வரைக்கும் தொறந்திருக்கும். நான் எழுதுறதுல பேரு வராது."

[அடுப்படிக்கு ஒரே வாசல். வெளியே வந்தால் இடது பக்கம் மமதாவின் அறை. வலது பக்கம் தெரு, தெருக்கோடியில் கிளினிக். நேரே போனால் மாடிப்படி, அங்கே மூட்டை கட்ட ஒரு அறை. இந்த வாசல்வரைதான் எனக்குத் தெரியும். நோட்டில் அடுத்த இரண்டு பக்கம் காலி. நீங்கள் எழுதலாம். ஒன்று மட்டும்: யாரையும் விழ வைக்காதீர்கள்.]

சரசு குருமா அடுப்பைச் சிறுதீயில் வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். சீரக டப்பாவுக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்தாள். ஒளிக்கவில்லை. கரண்டியை தீபிகாவின் கையில் கொடுத்துவிட்டு, ஒரு கையால் சுவரைத் தொட்டபடி வெளியே போனாள்.