தெற்கு கேட்

காட்டுக்கு வடக்கே மருத்துவமனையும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் இருந்தன. தெற்கே ஓட்டு வீடும் தகர வீடுமாகக் கலந்து கிடந்த ஒரு நீளத் தெரு. நடுவில், நகரம் எப்படியோ விழுங்காமல் விட்டுவைத்த காடு. அதைத் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகு வடக்கே டிக்கெட் கவுண்டர் வந்தது, வாடகை சைக்கிள் வந்தது, சத்தமில்லாமல் ஓடும் பேட்டரி வண்டிகள் வந்தன. ரயில் நிலையத்திலிருந்து பார்வையாளர்களை ஏற்றிவர இலவசப் பேருந்தும் வந்தது. தெற்கே வந்ததெல்லாம் ஓர் இரும்புக் கேட்டும் அதற்கு ஒரு காவலாளியும்தான்.

காவலாளி அதே தெருக்காரன். உள்ளூர் ஆளுக்கே வேலை கொடுத்திருக்கிறோம் என்று அதிகாரிகள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். தன் தெருவைத் தானே மறிப்பதுதான் அந்த வேலை என்பது, சீருடை தைத்து வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தெருப் பெண்களில் பாதிப் பேருக்கு வடக்கேதான் வேலை. காட்டுப் பாதையில் நடந்தால் பேசி முடிப்பதற்குள் போய்விடலாம். சுற்றுச் சாலையில் போனால் இரண்டு பேருந்து, இரண்டிலும் நின்றபடி.

அவன் மனைவியே அப்படிப் போகிறவள்தான். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. கொதிக்கக் கொதிக்க வெளிவரும் படுக்கை விரிப்புகளை இன்னொருத்தியோடு எதிரெதிரே நின்று உதறி, நான்காய் எட்டாய் மடித்து அடுக்க வேண்டும். கறை போகாததைத் தனியே எறிய வேண்டும். தாமதமாகப் போனால் சூட்டில் துணி தேய்க்கிற உருளை இயந்திரத்துப் பக்கம் தள்ளிவிடுவார்கள். அங்கே நின்றால் மாலைக்குள் முகமே வெந்துபோகும்.

அதனால் காவலாளி ஒரு வழி கண்டுபிடித்தான். சங்கிலியைக் கேட்டில் நன்றாகச் சுற்றுவான், பூட்டை மாட்டுவான், ஆனால் அமுக்க மாட்டான். விடியற்காலையில் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள், சங்கிலியை உருவுவார்கள், கடைசியாக வருபவள் பழையபடி சுற்றிவிட்டுப் போவாள். பார்வையாளர்கள் கிளம்பிய பிறகு அதே போல் திரும்பி வருவார்கள். இதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசியதில்லை. பூங்கா மேற்பார்வையாளருக்கும் தெரியும். சுற்றிப் பார்க்க வரும்போதெல்லாம், "சங்கிலி நல்லா சுத்தியிருக்கா?" என்று கேட்பார்.

"சுத்தியிருக்கு சார்."

பூட்டியிருக்கா என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

அதே தெருவில் நாலு வீடு தள்ளி அவன் மனைவியின் அக்கா குடியிருந்தாள். வீட்டிலேயே தையல். அக்கா புருஷனைத் தெருவே வக்கீல் என்றுதான் கூப்பிடும். ஓட்டுவது ஆட்டோ. ஆனால் சிக்னலில் நின்றால் சிக்னலோடு வாதாடுகிற மனுஷர். காய் வாங்கப் போனாலும் தீர்ப்பு வாங்காமல் திரும்ப மாட்டார். மனசில் கள்ளம் கிடையாது, வாய்க்குத்தான் தாழ்ப்பாள் கிடையாது.

மழைக்காலத்தில் ஒரு நாள், தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே துணிமேல் சாய்ந்தாள். உடம்பெல்லாம் வேர்வை. வக்கீல் அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு சுற்றுச் சாலைக்கு விரட்டினார். அங்கே முழங்கால் தண்ணீர். லாரியும் பேருந்தும் அசையாமல் நின்றன. ஆம்புலன்ஸே ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு நேரே தெற்கு கேட்டுக்கு வந்தார்.

"தம்பி, கேட்டைத் திற. உங்க அண்ணி கண்ணு சொருகுதுடா."

காவலாளி சங்கிலியை உருவினான். கேட்டைத் திறந்தான். ஆட்டோவை உள்ளே விட்டால் வடக்கு வாசலில் மறித்து நிறுத்திக் கேள்வி கேட்பார்கள், அதிலேயே நேரம் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். வாக்கி டாக்கியை எடுத்தான். "தெற்கு கேட்கிட்ட பார்வையாளர் ஒருத்தங்க மயக்கம் போட்டுட்டாங்க. பேட்டரி வண்டி அனுப்புங்க, சீக்கிரம்."

வண்டி வந்தது. மான் பார்க்கிறவர்கள் உட்காருகிற நீள இருக்கையில் அக்காவைப் படுக்க வைத்தார்கள். பாதி வழியில் நிஜமாகவே ஒரு மான் குறுக்கே வந்து நின்றது. ஓட்டுநர் பழக்க தோஷத்தில் வண்டியை நிறுத்திவிட்டான்.

"யோவ், மானா முக்கியம்? ஏத்துய்யா வண்டியை!" என்று வக்கீல் போட்ட சத்தத்தில் மான் ஓடியது, மரத்திலிருந்த பறவையெல்லாம் எழும்பின.

சலவைப் பிரிவிலிருந்து தங்கை ஈர ஏப்ரனோடு ஓடிவந்தபோது அக்காவை உள்ளே கொண்டு போயிருந்தார்கள். சாயங்காலம் மருத்துவர் வெளியே வந்து, "நல்ல வேளை, கொஞ்சம் பிந்தியிருந்தா ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார். தங்கை சுவரில் சாய்ந்து அழுதாள். வக்கீல் முதன்முறையாக எதிர்வாதம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மேற்பார்வையாளர் காவலாளியைக் கூப்பிட்டார்.

"மயக்கம் போட்ட பார்வையாளர் பிழைச்சுட்டாங்களா?"

"பிழைச்சுட்டாங்க சார்."

"டிக்கெட் வாங்கிட்டுத்தானே வந்திருந்தாங்க?"

"ஆமா சார்."

"அப்ப சரி. இதோட விஷயம் முடிஞ்சுது."

முடிந்துதான் இருக்க வேண்டும். ஆனால் மழைச் சேதம் பற்றி எழுத மருத்துவமனைக்கு ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். வாசலில் நின்ற வக்கீலிடம், "எந்தப் பக்கத்துல இருந்து வர்றீங்க?" என்றுதான் கேட்டார். வக்கீல் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டைப் பற்றி, சங்கிலியைப் பற்றி, அமுக்காத பூட்டைப் பற்றி. "தினம் எங்க தெருப் பொம்பளைங்க அந்த வழியாத்தான் வேலைக்கு வர்றாங்க. என் தம்பிதான் திறந்து விடுறான். சட்டம் பெருசா, மனுஷன் பெருசா சொல்லுங்க?" என்று முடித்தார். கேட்டின் முன் கையைக் கட்டி நின்று படமும் எடுத்துக்கொண்டார். காட்டு வாசலைத் திறந்த கருணை என்று தலைப்புப் போட்டு அது வந்தது.

ஒரு நாள் முழுக்கத் தெருவே கொண்டாடியது. காவலாளி மட்டும் பேப்பரை நின்றபடியே படித்து, மடித்து, மனைவி கையில் கொடுத்தான். அவள் படித்து முடித்ததும், "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டாரே மாமா" என்றாள்.

வடக்கே அடுக்குமாடியில் இருந்த இயற்கை ஆர்வலர்கள் மனுக் கொடுத்தார்கள். தினம் இத்தனை பேர் காட்டுக்குள் நடந்தால் விலங்குகள் மிரளாதா என்று கேட்டார்கள். அவர்கள் வருடச் சந்தா கட்டி அதே காட்டில் காலையில் ஓடுகிறவர்கள். மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து கேட்டைப் பார்த்தார்கள், பூட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார்கள். மேற்பார்வையாளர் தனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னார். அவருக்கும் பிள்ளைகுட்டி இருந்தது.

பிறகு கலவை இயந்திரம் வந்தது, சிமெண்டுக் கல் வந்தது. கேட்டைப் பெயர்த்துவிட்டுச் சுவர் எழுப்பினார்கள். சிமெண்டு மூட்டை திருட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளக் காவலாளியையே உட்கார வைத்தார்கள். சுவர் அவன் தலைக்கு மேல் போகிறவரை உட்கார்ந்திருந்தான். அதன்பின் வடக்கு வாசல் வாகன நிறுத்தத்துக்கு மாற்றினார்கள். இப்போது அவனும் இரண்டு பேருந்து மாற வேண்டும். பேருந்து மாறுகிற ரயில் நிலையத்தில் ஒரு நாள் அந்த இலவசப் பேருந்தில் ஏறப் போனபோது, "இது பார்வையாளர்களுக்கு மட்டும்ண்ணே, ஸ்டாஃப் ஏறக்கூடாது" என்று நடத்துனர் இறக்கிவிட்டார்.

வக்கீல் ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருப்பார். ஆனால் அவர் வாய் அதற்குப் பழகவில்லை.

"என்ன தம்பி, முகத்தைத் தூக்கி வெச்சிருக்கே? பேப்பர்ல உன் பேரு வந்துச்சேடா. யாருக்கு வரும்?"

"பேரு வந்துச்சுண்ணே. வழி போயிடுச்சு."

"கேஸ் போடலாம். நான் பார்த்துக்கறேன்."

"நீங்க பார்த்துக்கிட்டது போதும்ண்ணே."

வக்கீல் எழுந்து போனார். அதற்கு மேல் இரண்டு ஆண்களும் பேசவில்லை.

தெருவும் பேசவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆனால் அந்தத் தெரு மூடிக்கொண்டதுதான் தங்கைக்கு வலித்தது. குழாயடியில் அவள் குடத்தோடு வந்தால் பேச்சு நிற்கும். ஒருத்தி மட்டும் முதுகைக் காட்டியபடி, "அக்காவுக்காகத் திறந்தாங்க, ஊருக்கே சேர்த்து மூடிட்டாங்க" என்றாள். அது பொய்யில்லை. தங்கை குடத்தை நிரப்பிக்கொண்டு நடந்தாள்.

அவள் தாமதமாகப் போகத் தொடங்கினாள். உருளை இயந்திரத்துக்குத் தள்ளினார்கள். கையில் கொப்புளம் வந்தது. ஒரு நாள் மழையில் முதல் பேருந்து நிற்காமல் போய், இரண்டாவதில் படியில் தொங்கிக்கொண்டு போனாள். இன்றும் பிந்தினால் வேலையே போகும் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்கள். யாருடைய குடையிலிருந்தோ தண்ணீர் அவள் கழுத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போது அந்த நினைப்பு வந்தது. அன்றைக்கு மான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால், பத்திரிகைக்காரரிடம் பேச வக்கீலுக்கு வாய் எழுந்திருக்காது. கேட்டும் கேட்டாகவே இருந்திருக்கும். நினைத்த மறுகணம் கையிலிருந்த கம்பியை விட்டுவிட்டாள். பக்கத்தில் நின்றவர் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பாள்.

தன்னைச் சிறு வயதில் இடுப்பில் தூக்கிச் சுமந்தவளைப் பற்றி இப்படி நினைத்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பதிலாக அக்காவை அதிகமாகக் கவனித்தாள். துணி துவைத்துக் கொடுத்தாள். மாத்திரையை எடுத்து வைத்தாள். பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போக அவளே லீவு எடுத்தாள். வக்கீல் அன்று ஆட்டோவில் கொண்டுபோய் விடுகிறேன் என்றபோது, சாலை குண்டும் குழியுமாக இருக்கிறது, குலுங்கக் கூடாது என்று சொல்லி மறுத்துவிட்டாள்.

முதல் பேருந்திலிருந்து ரயில் நிலையத்தில் இறங்கியபோது அந்த இலவசப் பேருந்து நின்றுகொண்டிருந்தது. பக்கவாட்டில் மான் படம்.

"இதுலயே போவோமேடி" என்றாள் அக்கா. "வடக்கு வாசல்ல இறங்கினா ஆஸ்பத்திரி எதிர்லதானே. நம்மளைப் பார்த்தா பார்வையாளர் மாதிரி இல்லையா?"

ஏறினார்கள். யாரும் கேட்கவில்லை. உள்ளே குளிராக இருந்தது, இருக்கை மெத்தென்றிருந்தது. பூங்காவைப் பற்றி ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் இனிமையாகப் பேசிக்கொண்டே வந்தது. எந்தப் பாதையில் நடக்கலாம், எங்கே சைக்கிள் கிடைக்கும், எங்கே உட்கார்ந்து பறவை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, "பூங்காவின் தெற்குப் பகுதி மனித நடமாட்டமே இல்லாத இயற்கையான வனம்" என்றது.

அக்கா சிரித்துவிட்டாள். "கேட்டியா, நம்மளை மனுஷக் கணக்குலயே சேர்க்கலை."

தங்கை சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, கொப்புளங்களைத் தடவினாள். தடவிக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

"அன்னைக்கே நான் போயிருந்தா உனக்கு இந்தக் கஷ்டம் இல்லைல்லடி?"

"சீ, வாயைக் கழுவு" என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். தங்கையும் அதைத்தான் சொன்னாள். ஆனால் உடனே சொல்லவில்லை. பேருந்து ஒரு வளைவைத் திரும்பி முடித்த பிறகு சொன்னாள். அந்த இடைவெளியில் அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தங்கையின் கையை எடுத்து அவள் மடியிலேயே மெதுவாகத் திருப்பி வைத்தாள்.

மருத்துவமனையில் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மருத்துவர், "நல்லா தேறிட்டீங்க, தினம் நடங்க" என்றார். "எங்க நடக்கிறதுங்க?" என்று அக்கா கேட்டாள். "எதிர்லயே இவ்வளவு பெரிய பூங்கா இருக்கே" என்றார் அவர்.

அடுத்த பரிசோதனைக்கு அக்கா கூப்பிடவில்லை. வக்கீலோடு ஆட்டோவிலேயே போய் வந்துவிட்டாள். தங்கை போய்க் கேட்டபோது, "உனக்கு எதுக்கு வீண் லீவு?" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் சண்டை போட்டு அழுது தீர்த்திருக்கலாம்.

மழை முடிந்ததும் அக்காவும் வக்கீலும் வீடு மாறினார்கள். சின்ன மருத்துவமனை ஒன்று பக்கத்திலேயே இருக்கிற, நகரத்தின் வேறொரு மூலை. சாமான் ஏற்றுகிற நாளில் தங்கை போனாள். பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்த அக்கா, "நீ வேலைக்குப் போ, பிந்திடப் போகுது" என்றாள். வக்கீல் தையல் மிஷினைத் தனியாகவே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார். அவரைப் பேசாமல் பார்ப்பது தங்கைக்குப் பயமாக இருந்தது.

"புது வீட்டுக்கு எப்படிக்கா வரணும்?"

"தூரம்டி. பஸ்ஸு மாறி மாறி வரணும். நான் போன் பண்றேன்" என்றாள் அக்கா.

வண்டி தெரு முனை திரும்புகிறவரை நின்று பார்க்கத் தங்கைக்கு நேரமில்லை. பேருந்து வந்துகொண்டிருந்தது. ஓடினாள்.