ஒலிபெருக்கிக்குக் கட்டிய குருத்தோலை

எங்கள் தீவுப் பக்கம் ஊர்த் தலைவரை ராஜா என்றுதான் கூப்பிடுவோம். கிரீடம், யானை என்று எதையும் மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள் கண்ணுகளா. ஹாத்துலோருவில் மொத்தமே நூற்றுப் பன்னிரண்டு வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு ஊர்க்கூடம். அரசாங்கம் கொடுத்த வெள்ளைச் சட்டை ஒன்று, அதில் குத்திக்கொள்ள ஒரு பித்தளை வில்லை. ராஜாங்கம் அவ்வளவுதான். மீதியை ராஜா யோசபாத் தன் வாயால் நிரப்பிக்கொண்டார்.

வாய்க்குத் துணையாக ஒரு ஒலிபெருக்கியும் இருந்தது. தேவாலயப் பெண்கள் பாடகர் குழுவுக்காக நாங்கள் வாங்கியது அது. ஒரு கிறிஸ்துமஸுக்கு இரவல் கேட்டு ஊர்க்கூடத்துக் கூரையில் ஏற்றினார். பிறகு இறங்கவே இல்லை. காலையில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அறிவிப்பார். அதே காற்றில் நின்று துணி உலர்த்திக்கொண்டிருக்கும் எங்களுக்குத்தான் அந்தச் செய்தி. சாயங்காலம் யார் வீட்டு ஆடு யார் மரவள்ளியைத் தின்றது என்பது. நடுவில் தோன்றும்போதெல்லாம் ஒழுக்கத்தைப் பற்றி நாலு வார்த்தை.

கடலுக்கோ தோப்புக்கோ கொஞ்ச காலம் பூட்டுப் போடுவதை நாங்கள் சாசி என்போம். பூட்டு என்றால் இரும்பு இல்லை. ஒரு கம்பு, அதன் தலையில் முடைந்து கட்டிய குருத்தோலை. அதைப் பார்த்த பிறகும் கையை நீட்டினால் வயிறு ஊதிவிடும். யார் சொல்லிக் கட்டப்பட்டதோ அவர் சொல்லித்தான் அவிழ்க்க வேண்டும். இந்தச் சட்டம் ராஜாவுக்கும் முந்தியது, தேவாலயத்துக்கும் முந்தியது.

எங்கள் விரிகுடாவுக்கு ராஜா சாசி போட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. முதல் வருடம் லோலா சங்கை மட்டும் எடுக்கக் கூடாது என்றார். நியாயம்தான், சங்கு வளரட்டும் என்று எல்லோரும் தலையாட்டினோம். இரண்டாம் வருடம் மீனும் கூடாது என்றார். மூன்றாம் வருடம் மாவட்டத்துப் பெரிய அதிகாரி நேரில் வந்து சாசியைத் திறந்துவைப்பார் என்று ஒரு கடிதம் வந்தது. கடிதம் வந்த அன்றே ராஜாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"படம் எடுப்பாங்க! தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கணும்! இன்னையிலேருந்து படகு உள்ள வரக் கூடாது, குளிக்கக் கூடாது, பாத்திரம் கழுவக் கூடாது!" என்று ஒலிபெருக்கி அலறியது.

அதிகாரி வரவில்லை. கடல் கொந்தளிப்பு என்று சொல்லி அனுப்பினார். அடுத்த தடவை அவர் மகளுக்குப் பட்டமளிப்பு. மூன்றாம் தடவை பூப்பந்துப் போட்டி. ஒவ்வொரு தடவையும் இந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு வருவார் விரத்மோ என்ற குமாஸ்தா. ஜாவாக்காரர், நல்ல சாப்பாட்டுப் பிரியர். விரிகுடா பூட்டியிருந்ததால் அவரும் எங்களைப்போலத் தீவின் முதுகுப்பக்கம் பவளப்பாறையில் இறங்கி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு ஏறி வருவார். ஒவ்வொரு தடவையும் ராஜா வரவேற்புரையில் ஒரு பக்கம் கூட்டுவார். ஒத்திகை எங்களுக்குத்தான், ஒலிபெருக்கியில்.

இந்தக் கூத்தில் மாட்டிக்கொண்டவள் யகோமினா.

யகோமினா எங்கள் பாடகர் குழுவின் தலைவி, விதவை. அவள் மகள் நெல்சிக்கும் எதிர்த்தீவு மெல்கிக்கும் பேசி முடித்திருந்தது. பேசி முடித்தவர்கள் சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. நெல்சிக்கு அப்போது நாலு மாதம். மெல்கிக்குச் சூரை மீன் கப்பலில் இரண்டு வருட வேலை கிடைத்திருந்தது. பதினெட்டாம் தேதி கப்பல் ஏற வேண்டும். அதற்குள் தேவாலயத்தில் கல்யாணம் முடியாவிட்டால் பிறக்கிற பிள்ளை அப்பன் வம்சப் பெயரில் எழுதப்படாது.

அதனாலென்ன என்று வேறு யாராவது விட்டிருப்பார்கள். யகோமினாவால் முடியாது. அவளே அப்படிப் பிறந்தவள்தான். பள்ளிக்கூடத்தில் "அலை ஒதுக்கின பிள்ளை" என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர்களில் நானும் ஒருத்தி, அதை மறைக்க மாட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் பின்பக்கப் பாறையில் இறங்கி வரலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் சீர் ஏற்றிய படகோடு, பாட்டோடு, பெண் வீட்டு வாசல் தெரிகிற கரையில்தான் வந்து இறங்க வேண்டும். முதுகுப்பக்கமாக வந்தால் பெண் கேட்டு வந்ததாக ஆகாது, பெண் திருட வந்ததாக ஆகிவிடும். மெல்கியின் பெரியப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "விரிகுடா தெறந்தா வர்றோம். இல்லேன்னா பொண்ணை நீங்களே வச்சுக்குங்க."

யகோமினா ராஜா வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"ராஜா அப்பா, ஒரு நாள் மட்டும் தெறந்து விடுங்க. படகு வந்து போன பெறகு மறுபடி கட்டிக்குங்க."

"அதெப்படிம்மா? பெரியவர் கையால தெறக்கறதுன்னு கடிதத்துல வந்தாச்சு. இருபதாந்தேதி நிச்சயம் வர்றாராம்."

"பதினெட்டுல கப்பல் போயிடுமே."

"கப்பலைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லிப் பாரேன்."

"அப்போ நெல்சி வயித்தையும் தள்ளிப்போடச் சொல்லவா?"

உள்ளே ராஜாவின் மனைவி களுக்கென்று சிரித்தாள். ராஜா சிரிக்கவில்லை. "மாதிரி கிராமம்னு பலகை தரப்போறாங்க, யகோமினா. ஊருக்கே பெருமை. உன் பேரப்பிள்ளைக்கும் சேத்துத்தான்" என்றார்.

திரும்பும் வழியில் யகோமினா ஊர்க்கூடத்தின் முன்னால் வந்ததும் நின்று, கூரையில் இருந்த ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏண்டி, அது யாரோடது?" என்று என்னைக் கேட்டாள்.

"நம்ம குழுவோடது."

"அப்படின்னா என்னோடதும்தானே?"

அடுத்த நாள் விடிந்ததும் அவள் போய் நின்றது காவல் மூப்பர் எலியேசரின் வாசலில். சாசிக்குக் குருத்தோலை முடைவதும், சங்கு ஊதி ஊருக்கு அறிவிப்பதும் அவர் வேலை. விரிகுடாவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு இரண்டு வருடமாகக் கருவாடு தின்று வெறுத்துப்போயிருந்த மனிதர்.

"எலியேசர் அண்ணே, எங்க பொருள் ஒண்ணுக்கு சாசி போடணும்."

"தென்னையா, ஜாதிக்காயா?"

"ஒலிபெருக்கி."

எலியேசர் அவளையே பார்த்தார். வாயில் இருந்த பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"காய்க்கிற பொருளுக்குத்தானே கட்டுறது வழக்கம்?"

"தெனம் ரெண்டு வேளை காய்க்குதே அண்ணே. அறுவடை தாங்க முடியல."

"சொந்தக்காரங்க கேட்டா நான் கட்டித்தான் ஆகணும்" என்று எழுந்தார் எலியேசர். அன்று அவர் ஊதிய சங்கு போல அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவ்வளவு சந்தோஷமான மூச்சு.

ராஜா வந்து பார்த்தபோது ஒலிபெருக்கியின் கழுத்தில் வாடாத குருத்தோலை ஆடிக்கொண்டிருந்தது. "யார் வேலை இது?" என்று கத்தினார். கத்தியது எதிர்வீடு வரைக்கும்தான் கேட்டது. ஏணியில் இரண்டு படி ஏறினார். நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். இறங்கிவிட்டார். தொட்டால் வயிறு ஊதும் என்று மூன்று வருடமாக எங்களை மிரட்டியவரே அவர்தானே.

ஒலிபெருக்கி இல்லாத ராஜா எப்படி இருப்பார் என்று அந்த வாரம்தான் பார்த்தோம். எதைச் சொல்வதானாலும் வீடு வீடாக நடக்க வேண்டியிருந்தது. போகிற வீட்டில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தவரிடம் அவர்களும் பேசினார்கள். ஒழுகும் பள்ளிக்கூரை, பாறையில் வழுக்கிக் கை முறிந்த கிழவர், மீன் இல்லாத இரண்டு வருடம். கேட்டுக் கேட்டு மனிதர் ஐந்தே நாளில் அரை உடம்பாகிவிட்டார். பேசிப் பழகினவருக்குக் கேட்பது எவ்வளவு பெரிய உழைப்பு!

ஆறாம் நாள் விரத்மோ வந்து சேர்ந்தார். அதிகாரி இருபதாம் தேதி வருவது அநேகமாக உறுதி என்றார். 'அநேகமாக' என்ற வார்த்தை ராஜா காதில் விழவில்லை. ஒலிபெருக்கியைக் காட்டி, "தம்பி, நீங்க வெளியூர்க்காரர். எங்க ஓலை உங்களை ஒண்ணும் செய்யாது. கொஞ்சம் எடுத்துவிடுங்களேன்" என்றார்.

"இதுக்கா பயப்படறீங்க?" விரத்மோ சிரித்துக்கொண்டே ஏறினார். ராஜா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். பேனாக்கத்தியால் ஒரே அறுப்பு. குருத்தோலை ராஜாவின் தலையில் விழுந்து, தோளில் சரிந்து, கீழே கிடந்தது.

யகோமினா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "முடிஞ்சுதுடி" என்றாள் என்னிடம். அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

வெற்றியைக் கொண்டாட ராஜா வீட்டில் விருந்து. அலையாத்திச் சேற்றில் பிடித்த நண்டு, சாகோ மாவுக் களி, பனங்கள். பரிமாறியவர்களில் நானும் ஒருத்தி. விரத்மோ ஒன்பது நண்டு தின்றதை என் கண்ணால் எண்ணினேன். கள் முந்தாநாள் இறக்கியது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் மத்தியானம் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடியபோது, ஊரில் யாரும் நண்டை எண்ணவில்லை. ஓலையைத்தான் நினைத்தார்கள். எண்ணினவள் நான் மட்டும்தான், வாயைத் திறக்கவில்லை. ஓடினவர் திரும்பி வந்தார், திரும்பியும் ஓடினார். ஐந்தாம் ஓட்டத்தில் அவர் காலணி ஒன்று வழியிலேயே நின்றுவிட்டது.

"அறுத்தவனுக்கே இப்படின்னா, ஏணி புடிச்சவருக்கு?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ கேட்டார்கள். "தலையில வேற விழுந்துச்சே!" என்றது இன்னொரு குரல்.

சாயங்காலம் ராஜாவே யகோமினாவின் வாசலுக்கு வந்தார். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

"யகோமினா, கடமுடங்குதும்மா."

"களி செமிக்கலியோ என்னவோ."

"வெளையாடாதே. அந்த ஓலையைத் திரும்பக் கட்டி, முறைப்படி நீயே அவிழ்த்துவிடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"தாராளமா அவிழ்க்கிறேன் ராஜா அப்பா. இருபதாந்தேதி."

"இருபதா! அதுவரைக்கும் என் வயிறு?"

"பெரியவர் வரட்டுமே. அவர் கையால அவிழ்த்தா ஊருக்கே பெருமை. உங்க வயித்துக்கும் சேத்துத்தான்."

வேலியோரம் நின்ற கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டது. ராஜா சுற்றிலும் பார்த்தார். அந்த நேரம் பார்த்து விரத்மோ மறுபடி தோட்டத்துக்கு ஓடுவது எல்லோர் கண்ணிலும் பட்டது.

யகோமினாவின் குரல் அப்போது மாறியது. "நான் கேக்கறது பெரிசு இல்லை. எம் பேரப்பிள்ளைக்கு ஒரு பேர். அதை ஒரு பலகைக்காக நிறுத்தி வைக்காதீங்க. அலை ஒதுக்கினதுன்னு கூப்பிட்டா எப்படியிருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராஜாவின் வயிறு பேசியதா, மனசாட்சி பேசியதா, எனக்குத் தெரியாது கண்ணுகளா. இரண்டும் அவருக்குப் பக்கத்துப் பக்கத்து அறையில்தான் இருந்தன போலிருக்கிறது. "எலியேசர்கிட்ட சொல்லு. நாளைக்கு விடிஞ்சதும் தெறக்கலாம்" என்றார்.

விடிந்ததும் சங்கு ஒலித்தது. எலியேசர் கம்பைப் பிடுங்கினார். மாதக்கணக்கில் தொடாத தண்ணீரில் ஊரே விழுந்தது. கண்ணாடி போலிருந்த தண்ணீர் கால் மணி நேரத்தில் கஞ்சித் தண்ணீராகிவிட்டது. அவ்வளவு அழகான கலங்கலை நான் பார்த்ததில்லை. ஒலிபெருக்கியின் ஓலையையும் யகோமினா முறைப்படி கட்டி அவிழ்த்தாள். ராஜா அன்றே ஒரு முழுத் தட்டு களி சாப்பிட்டார் என்று கேள்வி.

பதினாறாம் தேதி மெல்கியின் ஆட்கள் ஐந்து படகில் பாடிக்கொண்டே வந்து யகோமினா வாசலுக்கு நேரே இறங்கினார்கள். அந்தப் பெரியப்பா முதலில் குதித்து இடுப்புவரை நனைந்தார். போதகர் கல்யாணத்தைப் பதிவேட்டில் எழுதும்போது யகோமினா அவர் தோளுக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்தாள். அந்தக் கேலி தாங்காமல் பள்ளிக்கூடத்தை முதல் வகுப்பிலேயே விட்டவள், வாசிக்க வராது. என்னை வாசிக்கச் சொன்னாள். மெல்கியின் வம்சப் பெயரை நான் இரண்டு தடவை வாசித்தேன். "இன்னொரு தடவை" என்றாள்.

விருந்தில் ராஜா வெள்ளைச் சட்டையும் வில்லையுமாக எழுந்தார். மேலிடத்து அனுமதிக்குக்கூடக் காத்திராமல், ஓர் ஏழைத் தாயின் கண்ணீருக்காகத் தானே விரிகுடாவைத் திறந்துவிட்டதாகப் பேசினார். நாங்கள் மீன் முள்ளை எடுப்பதில் மும்முரமாக இருந்தோம். கடைசியில் யகோமினாவின் பக்கம் திரும்பி, "பேரன் பொறந்தா வம்சப் பேருக்கு முன்னால என் பேரை வச்சிரு. யோசபாத். நான் இல்லேன்னா இந்தக் கல்யாணம் ஏது?" என்றார்.

யகோமினா பணிவாக எழுந்து நின்றாள்.

"வைக்கலாம் ராஜா அப்பா, ஆசையாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பிள்ளை தள்ளிப்போடாம சொன்ன தேதிக்குப் பொறந்துடுமே. அதுக்கு உங்க பேரு பொருந்துமா?"

எலியேசருக்குப் புரையேறி, இரண்டு பேர் அவர் முதுகில் தட்டினார்கள். ராஜாவும் சிரித்தார், மற்ற எல்லோரையும்விடச் சத்தமாக. என்ன சொன்னாள் என்று வீட்டுக்குப் போகும் வழியில் மனைவியிடம் விசாரித்திருக்கிறார்.