விரிசல் வரைகிறவன்

பழைய வண்டியை விற்கச் சொல்லி யாரையும் நாங்கள் கெஞ்சுவதில்லை. கெஞ்சினால் விலை ஏறும். வண்டிமேல் ஒரு பயத்தைக் கிளப்பிவிட்டால் போதும், அவர்களே விற்றுவிடுவார்கள். பயத்தைக் கிளப்புவது என் வேலை. வாங்குவது மச்சான் வேலை.

முதல் ஆளாக நான் போவேன். "இந்த வழியா வந்தேன், வாசல்ல வண்டியைப் பாத்தேன், எனக்கு இந்த மாடல்னா உயிர்" என்று பேச்சை ஆரம்பிப்பேன். நாலு தடவை சுற்றி வந்து, சட்டையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வண்டிக்கு அடியில் படுப்பேன். உண்மையான வேலை அங்கேதான். கால்சட்டைப் பையில் ஒரு வரைபடப் பென்சில் இருக்கும். ஸ்டியரிங் பெட்டியை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு பிடித்திருக்கும் இடத்தில் ஒரு கோடு போடுவேன். நேர்க்கோடு கூடாது. இரும்பு அப்படி விரியாது. போல்ட் துளையிலிருந்து கிளம்ப வேண்டும், கொஞ்சம் வளைய வேண்டும், முனையில் தலைமுடிபோல் மெலிய வேண்டும். மேலே கொஞ்சம் கிரீஸைத் தடவி விரலால் ஒற்றி எடுத்தால் பத்து வருடத்து விரிசல் தயார். போனில் படம் பிடித்துக்கொண்டு வெளியே வருவேன். பேசாமல் கையைத் துடைப்பேன். அவர்களாக "என்னாச்சு?" என்று கேட்கும்வரை துடைத்துக்கொண்டே இருப்பேன். பிறகு படத்தைக் காட்டி ஒரே ஒரு கேள்வி.

"வீட்ல யாரெல்லாம் இதுல போவாங்க?"

விலை பேசமாட்டேன். கிளம்பிவிடுவேன். எட்டு நாள் அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கமாட்டார்கள். ஒன்பதாம் நாள், என்னை யாரென்றே தெரியாதவர்போல மச்சான் அந்தத் தெருவில் போய் நிற்பார்.

அவர் என் மனைவியின் அண்ணன். பாலிடெக்னிக்கில் நான் படித்த இரண்டு வருடத்தில் தேறிய ஒரே பாடம் வரைபடம். மூன்றாம் வருடம் போகவில்லை. நூல் ஆலையில் இரவு ஷிப்டுக்குப் போனேன், அதையும் பாதியில் விட்டேன். இப்போது மச்சான் வீட்டு மாடியில் குடியிருக்கிறோம். "மாப்ளே, உன் படிப்பு வீண்போகல பாரு" என்று பத்துப் பேர் நடுவில் சொல்லிச் சிரிப்பார். என் மனைவியும் சிரிப்பாள். சாப்பாடு அவர் போடுவது.

முட்டைக்காரர் வீடு மலைமேல் இருந்தது. சுற்றுவட்டாரக் கோழிப்பண்ணைகளின் முட்டையை வாங்கி, தினமும் விடிகாலையில் தன் வேனில் கீழே டவுனுக்குக் கொண்டுபோவார். பதினாலு வளைவு. முன்சீட்டில் மகள் உட்கார்ந்து வருவாள், டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. நான் போனபோது டவுனிலிருந்து திரும்பி, வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். இடுப்பில் அறுவை செய்தவர், குனிய முடியாது. அவர் மனைவி கீழே உட்கார்ந்து ஈரத்துணியால் முட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"விக்கிறதா யார் சொன்னது?" என்றார் அவர்.

"யாரும் சொல்லலண்ணே. சும்மா பாக்கலாம்னு."

"பாரு, பாரு. பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நல்லாச் சுத்திப் பாரு. கட்டிக் குடுக்கமாட்டேன், அவ்வளவுதான்."

அந்த அம்மாள் தலையை நிமிர்த்தி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி முட்டையைத் துடைத்தாள்.

அடியில் படுத்தேன். வரைவதற்கு இடம் வேண்டுமே என்று ஸ்டியரிங் பெட்டிக்குப் பக்கத்தில் மண்ணையும் கிரீஸையும் கட்டைவிரலால் வழித்தேன். பென்சிலைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன். அங்கே ஏற்கெனவே ஒரு கோடு இருந்தது.

நான் வரைந்திருந்தால் அவ்வளவு நன்றாக வந்திருக்காது. போல்ட் துளையில் கிளம்பி, வளைந்து, சேசிஸின் அடிமடிப்புவரை போயிருந்தது. நகத்தை வைத்தேன். நகம் உள்ளே போயிற்று.

"அண்ணே, ஸ்டியரிங்கை லேசாத் திருப்புங்க."

திருப்பினார். கோடு வாய்போலத் திறந்தது. மறுபக்கம் திருப்பினார். மூடிக்கொண்டது.

வெளியே வந்தபோது கையைத் துடைக்க மறந்துவிட்டேன். "அண்ணே, நாளைக்கு இந்த வண்டியை எடுக்காதீங்க" என்றேன். "ஸ்டியரிங் பெட்டி பிச்சுக்கப் போகுது. வளைவுல ஒரு பள்ளத்துல இறங்கினாப் போதும்."

அவர் மனைவி சிரித்தாள். வாய்விட்டு, நன்றாகச் சிரித்தாள்.

"ஏங்க, நான் சொன்னேன்ல? வந்தாச்சு பாருங்க!" என்று துணியை உதறிக்கொண்டு எழுந்தாள். "கீழூர்ல எந்தம்பி ஒருத்தன் இருக்கான். போன வருஷம் அவன் வண்டியையும் ஒருத்தர் இப்படித்தான் சட்டையைக் கழட்டிட்டுப் பாத்தாராம். விரிசல்னாராம். வித்துட்டு, லாரில ஏத்தும்போது மனசு கேக்காம மண்ணெண்ணெய் போட்டு ஒரு துடை துடைச்சிருக்கான். விரிசலைக் காணோம். நீங்கதானா அது?"

எனக்கு அந்த வண்டி நினைவிருந்தது. பச்சை வண்டி.

"ஆமாக்கா. அது நான் வரைஞ்சது. இது நான் வரையல."

"திருடன் ஒத்துக்கிட்டா நல்லவனாயிடுவானா?"

"சத்தியமாச் சொல்றேன். எனக்கு வேலையே அதுதான், முதல்ல வந்து பயமுறுத்தறது. ரெண்டாவதா வர்றவர் என் மச்சான். எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஆனா இது நிஜமான விரிசல்."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "புது முறை போலிருக்குங்க. எந்தம்பிகிட்ட சட்டையைத்தான் கழட்டினாரு. நம்மகிட்ட மானத்தையே கழட்டுறாரு."

படத்தைக் காட்டினேன். தம்பிக்குக் காட்டியதும் இதே படம்தான் என்றாள். அடியில் படுத்துப் பாருங்கள் என்றேன். "சேலையோடயா?" என்றாள். முட்டைக்காரரால் குனியவே முடியாது, அவரைக் கேட்டுப் பயனில்லை. கடைசியில், என் வாயை அடைப்பதற்காகவோ என்னவோ, கொட்டகை மூலையிலிருந்து ஒரு துணியை எடுத்து, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, நான் சொன்ன இடத்தில் தேய்த்தாள். துணி கறுப்பாக வந்தது. அதை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

"இதோ உங்க விரிசல்."

"அது கிரீஸ், அக்கா."

"தம்பி," என்றார் முட்டைக்காரர். கோபமே இல்லை. "இருபத்திரண்டு வருஷம். தினமும் பதினாலு வளைவு. ஒரு தட்டு முட்டை உடைஞ்சதில்ல. வண்டி எப்படின்னு முட்டையைக் கேளு, சொல்லும்."

"உங்க மெக்கானிக்கையாவது கூப்பிட்டுக் காட்டுங்கண்ணே."

"அடுத்த மாசம் சர்வீஸுக்கு விடுவேன். பாப்பாரு."

கிளம்பும்போது அந்த அம்மாள் என் கையில் ஒரு முட்டையை வைத்தாள். "இவ்வளவு தூரம் வந்ததுக்கு. இதுமேல வரைஞ்சு பழகுங்க."

பஸ் நான்கு மணிக்குத்தான். நிறுத்தத்தில் உட்கார்ந்து மச்சானுக்கு போன் போட்டேன். "உண்மையிலேயே விரிசலா?" என்றார். "அப்ப உனக்குப் பென்சில் மிச்சம்." சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

இரண்டு மணிக்கு மேல் அந்தத் தெருவில் ஈ காக்கை இல்லை. விடிகாலை மூன்றுக்கு எழுகிறவர்கள் அந்நேரம் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் யாரோ வீடு கட்டக் கொட்டிய மணல் கிடந்தது. மூன்று பிடி எடுத்து என் சட்டையில் கட்டிக்கொண்டேன். கொட்டகைக்குக் கதவு கிடையாது. ஓட்டுநர் சீட்டைத் தூக்கினால் எஞ்சின். ஆயில் மூடியைத் திருகி மூன்று பிடியையும் உள்ளே கொட்டினேன். வீட்டிலிருந்து முதல் வளைவுவரை இரண்டு கிலோமீட்டர் சமதளம். அதற்குள் எஞ்சின் இறுகி நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். யோசித்துக்கொண்டேதான் கொட்டினேன்.

கணக்குத் தப்பவில்லை. ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் நின்றுவிட்டதாம்.

மச்சான் ஒன்பதாம் நாள் போய், வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்தார். பழைய வண்டிகளை நிறுத்திவைக்கும் எங்கள் யார்டு வாசலிலேயே இறங்கி என்னைக் கட்டிப்பிடித்தார். "எஞ்சின்ல மண்ணு! மாப்ளே, ஒரு வார்த்தை சொல்லலையே! கோடு போடுற ஆளுன்னு நினைச்சேன், நீ குழியே தோண்டுற ஆளு." இரும்பு விலைக்கு வாங்கியிருந்தார். அவர் யாரென்று தெரிந்துதான் விற்றார்களாம், மண் விழுந்த எஞ்சினை வேறு யாரும் கேட்கவில்லை. ஒரு வாரமாக முட்டை கீழே இறங்கவில்லை. டவுன் கடைக்காரர்கள் வேறு ஆளிடம் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். பண்ணைக்காரர்கள் வாசலில் வந்து கத்திவிட்டுப் போனார்களாம். மகள் பஸ்ஸில் போகிறாளாம். இதையெல்லாம் மச்சான் ரசித்துச் சொன்னார். இனி எல்லா ஊரிலும் இப்படியே செய்யலாம் என்றார்.

"இதை வெட்டிடுங்க மச்சான்," என்றேன். "சேசிஸ் போச்சு. திரும்ப ரோட்டுக்கு விடாதீங்க."

"வெட்டிடலாம், வெட்டிடலாம்."

வெட்டவில்லை. நான் வேறொரு திசையில் பத்து நாள் கிராமம் கிராமமாகச் சுற்றிவிட்டு வந்தபோது, அந்த வேனுக்குள் வேறொரு வண்டியின் எஞ்சின் உட்கார்ந்திருந்தது. சேசிஸ் முழுக்கக் கறுப்புப் பெயின்ட். விரிசல் இருந்த இடத்தில் பட்டி வைத்து வழித்திருந்தார்கள். என்னைவிடக் கைதேர்ந்தவன் எவனோ செய்தது. நான் வரைந்து வரவழைப்பதை அவன் பூசி மறைக்கிறான். இரண்டும் ஒரே முதலாளிக்குத்தான்.

"யாருக்கு?" என்று கேட்டேன்.

"யாருக்கா? உன் முட்டைக்காரருக்குத்தான். வேற நாலு வண்டி காட்டினேன். கைக்கு ஒட்டலையாம். என் வண்டியே இருந்தாக் குடுங்கன்னாரு. இன்னைக்கு எடுக்க வர்றாங்க."

பதினோரு மணிக்கு வந்தார்கள். முட்டைக்காரர் நேராக வண்டியிடம் போய்க் கதவில் கையை வைத்தார். அவர் மனைவி என்னைப் பார்த்தாள். முகம் மாறியது. ஆனால் வண்டி வேண்டியிருந்தது, அதனால் கணவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"அண்ணே, சேசிஸ் அப்படியேதான் இருக்கு," என்றேன். "மேல பட்டி பூசியிருக்காங்க."

"மாப்ளே, டீ சொல்லிட்டு வா," என்றார் மச்சான்.

"இன்னுமா தம்பி?" என்றார் முட்டைக்காரர். "வாங்கும்போது விரிசல், விக்கும்போதும் விரிசலா? எந்தப் பக்கம்தான் நீ?"

நல்ல கேள்வி. ஜாக்கியைப் போட்டு முன்பக்கத்தைத் தூக்கினேன். சக்கரத்தைக் கழற்றினேன். மச்சான் ஏதோ காட்டத்தான் போகிறேன் என்று நினைத்துச் சும்மா நின்றார். ஆளுயரக் கடப்பாரையை எடுத்து ஸ்டியரிங் பெட்டிக்கும் சேசிஸுக்கும் நடுவில் செருகி, உடம்பைச் சாய்த்து ஒரு நெம்பு நெம்பினேன். பெயின்ட் உதிர்ந்தது. இரண்டாவது நெம்பில் பட்டி பாளமாக விழுந்தது. மச்சான் ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்தபோது மூன்றாவது நெம்பு முடிந்துவிட்டது. பெட்டி, சேசிஸ் இரும்பில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு, தரையில் விழுந்தது.

மச்சான் என்னை அறைந்தார். இரண்டு தடவை. பிறகு, ஆட்கள் பார்க்கிறார்கள் என்பதால் நிறுத்திக்கொண்டார்.

"கண்ணு முன்னால உடைச்சிட்டியே," என்றார் முட்டைக்காரர். "நல்லா இருந்த வண்டியை. பாவி, உனக்கு நான் என்ன பண்ணினேன்?"

"முறிஞ்ச இடத்தைப் பாருங்கண்ணே. இப்ப முறிஞ்சது வெள்ளையா இருக்கும். பழசு பழுப்பா இருக்கும்."

அவர் பார்க்கவில்லை. அவரால் குனிய முடியாது. அவர் மனைவிதான் குனிந்து அந்தத் துண்டை எடுத்தாள். நாலு விரல் அகலத்தில் மூன்று விரல் பழுப்பு. ஓரத்தில் ஒரு விரல் மட்டும் பளபளப்பு. முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மக முன்சீட்டுலதான் உக்காருவா," என்றாள். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

பிறகு என்னைப் பார்த்தாள். "அப்ப எஞ்சின்ல மண்ணு?"

"நான்தான்."

"எதுக்கு?"

"நீங்க நம்பல."

"அன்னைக்கே இப்படி ஒரு கம்பியை எடுத்திருக்கலாமே."

என்னிடம் அன்று கம்பி இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு கம்பி அவர்கள் வண்டியிலேயே, ஓட்டுநர் சீட்டுக்கு அடியில், எஞ்சினுக்குப் பக்கத்தில் கிடந்தது. மணலைக் கொட்டும்போது அதை நகர்த்திவைத்துத்தான் கொட்டினேன். கம்பியை எடுத்திருந்தால் அவர்கள் எதிரில் நின்று உடைத்திருக்க வேண்டும், ஊர் கூடி அடித்திருக்கும். மணலுக்கு யாரும் எதிரில் நிற்க வேண்டியதில்லை.

அவள் அந்த இரும்பைக் கீழே வைத்தாள். போடவில்லை, வைத்தாள்.

மச்சான் அதற்குள் தன் குரலைச் சரிசெய்துகொண்டிருந்தார். "மன்னிச்சுக்கங்கண்ணே, இவனுக்கு மண்டைல கோளாறு. இன்னையோட கணக்கு முடிஞ்சது. நீங்க வாங்க, பின்னால ஒரு வண்டி நிக்குது, உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி. நஷ்டம் எனக்கு, விலையைப் பாத்துப் போட்டுத் தர்றேன்." முட்டைக்காரரின் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். முட்டைக்காரர் போனார். முட்டை கீழே இறங்க வேண்டும், வேறு வழி இல்லை.

பின்வரிசையில் அந்தப் பச்சை வண்டி நின்றது. அவர் அதன் கதவைத் திறந்து, சீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

அவர் மனைவி இரண்டடி வைத்தவள் நின்றாள். திரும்பி என்னிடம் வந்து, மச்சானுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"எந்தம்பி வண்டிதானே அது? நீங்க சொல்லுங்க. அதை நம்பி ஏறலாமா?"

அந்த வரிசையில் நின்ற பதினோரு வண்டிக்கு அடியிலும் நான் படுத்திருக்கிறேன். எந்த வண்டியில் எந்த இடத்தில் எவ்வளவு நீளத்துக்குக் கோடு போட்டேன் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். அவள் கேட்டது அதுவல்ல.

"தெரியாதுக்கா," என்றேன். "கோடு போட்டதோட சரி, வண்டி நல்லதான்னு நான் பாத்ததில்ல."

அவள் தலையசைத்தாள். பிறகு சத்தமாக, "ஏங்க, இறங்குங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றாள்.